அட்டைக்குப் பின்னால் என் நம்பர்

பொறாமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவனுடைய பொறாமையைத்தான் பேசுவார்கள். நான் என்னுடையதைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமை பக்கத்துக் கழனிக்காரன் மேல் இல்லை, பங்காளி மேலும் இல்லை. என் பெண்டாட்டி மேல். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சந்தேகம் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். சந்தேகமெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது. முதலில் இருந்தது கலப்படமே இல்லாத வயிற்றெரிச்சல்.

பொன்னேரிக்கு வடக்கே, ரயில் போகிற சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். எனக்கு இரண்டு காணி கழனி. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த கழனிகளில் நெல்லுக்குப் பதில் மனைக் கல் முளைத்து வருஷமாகிவிட்டது. இந்தப் பக்கம் மிச்சம் இருந்தவர்களுக்கும், நெல்லை மட்டும் நம்பினால் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது என்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில் தெரியவந்தது. ஆம்பிளைகள் ஒவ்வொருவராக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போய் கேட் கேட்டாக நின்றோம். நானும் நின்றேன்.

எனக்கு அங்கே எந்தத் தெரு எங்கே போகும் என்று தெரியாது. என் பெண்டாட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சித்தி இருந்தாள், அதனால் வழி தெரியும். வழி காட்டத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வழி காட்டத்தான்.

காருக்கு உள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. கேட்டுக்குப் பக்கத்து அறையில் ஒரு பெண் உட்கார்ந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வயசு இன்னா சார்?"

"முப்பத்தொம்போது."

"படிப்பு?"

"பத்தாவது வரைக்கும்."

"பாஸா?"

"கணக்குல மட்டும்தாம்மா போச்சு."

அவள் பேனாவை மூடினாள். முகத்தைச் சுளிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "ஏஜ் தாண்டிப்போச்சு சார்" என்று சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, நீங்க?"

என் பெண்டாட்டி தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. "நானா? நான் சும்மா இவரோட வந்தன். பத்தாவது பாஸு. முப்பத்திரண்டு."

"லேடீஸுக்கு முப்பத்தஞ்சு வரைக்கும் எடுக்கறோம்கா. உள்ள வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். போகும்போது அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உப்புப் பெறாத விஷயம்தான். ஆனாலும் இன்றுவரை மறக்கவில்லை.

அவளுடைய பத்தாவது சர்டிபிகேட் எங்கள் டிரங்குப் பெட்டியின் அடியில், முகூர்த்தப் புடவைக்குக் கீழே கிடந்தது. கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தாள். அத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. அந்துருண்டை வாசனையோடு அதை அவள் வெளியே எடுத்தபோது, கணக்கில் எழுபத்தொன்று என்று இருந்தது. நான் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி வெளியே போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்.

ஒரு மாதத்தில் அட்டை வந்தது. நீலப் பட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்வது. முன்பக்கம் அவள் போட்டோ, பேர், நம்பர். அந்த போட்டோவில் அவள் யாரோ ஆபீசர் மாதிரி இருந்தாள். பின்பக்கம் ரத்த குரூப்பும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு போன் நம்பரும். அது என் நம்பர்.

"இன்னா, என் நம்பரப் போட்டுக்கினுகீற?"

"பின்ன, யார் நம்பரப் போடுவாங்க? ஏதாச்சும் ஒண்ணுன்னா உனக்குத்தான சொல்லணும்?"

அன்றைக்கு வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. அந்தக் கம்பெனிக்குள்ளே என் காலடிதான் படவில்லை, என் நம்பராவது தினம் போய் வருகிறது என்று ஒரு அல்ப சந்தோஷம். அவள் குளிக்கப் போகும்போது ஆணியில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பேன். பத்து எண்ணும் சரியாக இருக்கும்.

ஊரிலிருந்து அவளோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் போனார்கள். தண்ணி டாங்குக்குக் கீழே வேன் வந்து நிற்கும். டிரைவர் இரண்டு ஹாரன் அடிப்பார், மூன்றாவது கிடையாது. ஆள் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் வேன் கிளம்பிவிடும். பதினைந்து வருஷமாக நான் "இன்னும் இன்னா பண்ணிக்கினுகீற" என்று கத்தி ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பாதவள், முதல் ஹாரனுக்கே டாங்குக்குக் கீழே நிற்பாள்.

நான் வீட்டில் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். முதல் வாரம் என் சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நைனா, இது ரசமா சாம்பாரா, அத மட்டும் சொல்லிடு, அதுக்கேத்த மாதிரி சாப்டுறன்" என்றாள். தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; எனக்குத்தான் உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. டீக்கடையில் எங்களுக்கு ஒரு பட்டமும் கிடைத்திருந்தது. கம்பெனி புருசனுங்க. பதினோரு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் டீக்கடைக்காரர், "கம்பெனிக்காரங்களுக்கு ஸ்ட்ராங்கா பதினொண்ணு" என்று குரல் கொடுப்பார்.

அவள் பேச்சு மாறியது. ஷிஃப்ட், டார்கெட், ரிஜெக்ட். நான் ஒரு வார்த்தை கேட்டால் அவள் ஐந்து வார்த்தை விளக்குவாள். அந்த விளக்குகிற குரல் இருக்கிறதே, அதுதான் என்னால் தாங்க முடியாதது. அப்படி ஒருநாள் வந்து சேர்ந்த வார்த்தைதான் ரிலீவர்.

"இன்னிக்கு ரிலீவர் வர லேட்டாயிடுச்சி, நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சி." "ரிலீவர் கில்லாடி, ரெண்டு நாள்ல என் கை வேலையக் கத்துக்கினாரு." "ரிலீவரு ஊருலயும் நெல்லுதானாம்."

கத்துக்கினாரு என்று சொன்னாளே, அங்கே நின்றது என் காது.

ஒருநாள் சாயங்காலம் அவள் போன் அடித்தது. திரையில் பேர் இல்லை. ரிலீவர் என்று மட்டும் இருந்தது. அவள் எடுத்து அரைகுறை இந்தியில் பேசினாள். இந்தி! எங்கள் வீட்டில்! ஏதோ சொல்லிச் சிரித்தாள். அப்படிச் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு. கல்யாணமான புதிதில் என்னோடு பேசும்போது அப்படித்தான் மூடிக்கொள்வாள். கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அர்த்தம் கேட்க டீக்கடைக்காரரிடம் போனேன். கடை வைக்கும் முன்பு ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தவர். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பேச்சோடு பேச்சாக, "ரிலீவர்னா இன்னா அண்ணே?" என்றேன்.

"ரிலீவரா? ஆளு இல்லாதப்ப அந்த எடத்துல நிக்கிறவன்" என்றார், டம்ளரைக் கழுவிக்கொண்டே.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆள் இல்லாதபோது அந்த இடத்தில் நிற்கிறவன். எந்த ஆள்? எந்த இடம்? கம்பெனியில் நான் இல்லை. அந்த இடத்தில் ஒருவன் நிற்கிறான். அதை அவள் என்னிடமே வந்து வாய் கூசாமல் சொல்கிறாள்! டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் நேராகக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்டால், மறுபடியும் அந்த விளக்குகிற குரலில் விளக்குவாள். அதற்குப் பயந்து கேட்கவில்லை. அவள் போனைத் திறந்து அந்த நம்பரை மட்டும் பார்த்தேன். ஒருதடவை இல்லை, பலதடவை. பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் கணக்கில் பாஸாகியிருப்பேன். பத்து எண்ணும் மனப்பாடமாகிவிட்டது.

தை பிறந்தது. சேடை ஓட்டித் தயாராக வைத்த கழனிகளில் நாற்று நட ஆள் இல்லை. வருஷா வருஷம் எங்கள் ஊரில் நடவு நட்டவர்கள் எல்லோரும் இப்போது வேனில் போகிறவர்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணி டாங்குக்குக் கீழே ஊர் கூடியது. ஊரிலேயே அதிகக் கழனி வைத்திருந்த பெரியவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"இருக்கற பொம்பளைங்க எல்லாத்தையும் வேன் வாரிக்கினு போவுது. நடவு முடியற வரைக்கும், பதினஞ்சு நாளு, வேன் ஊருக்குள்ள வரக்கூடாது. அவ்ளோதான்."

ஆம்பிளைகள் சரி சரி என்றார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான். வேன் வராது, கம்பெனி கிடையாது, ரிலீவர் கிடையாது! பதினைந்து நாள் என்ன, பதினைந்து மாதம் என்று தீர்மானம் போட்டிருந்தால்கூடக் கைதூக்கியிருப்பேன்.

பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"பதினஞ்சு நாள் போவலன்னா பேர அடிச்சிடுவாங்க பெரிப்பா. அப்புறம் நடவு முடிஞ்சி நீங்க வேனக் கூப்ட்டா அது வராது. ஊட்டு லோனு, புள்ள பீஸு, இதெல்லாம் பதினோரு ஊட்டுக்கும் நீங்க கட்டுவீங்களா?"

பெரியவர் துண்டை உதறி மறுதோளில் போட்டார். "அப்ப நாத்த இன்னா பண்றது? மாட்டுக்குப் போடறதா?"

"எங்க கம்பெனில ஒடிசாக்காரங்க கீறாங்க. எல்லாம் நெல்லு வெக்கிற ஊருங்க. நம்மள மாதிரியே நாத்து நடுவாங்க. ஞாயித்துக்கெழம அவங்களுக்கு லீவு. என் ரிலீவரக் கேட்டன். இருவது பேரக் கூட்டிக்கினு வரேன்னாரு. நாங்களும் அன்னிக்கு லீவுதான். ரெண்டு கூட்டமும் சேந்து எறங்குனா, நாலு ஞாயித்துக்கெழமைல ஊரே முடிஞ்சிடும்."

கூட்டம் கொஞ்ச நேரம் கசகசவென்று பேசிக்கொண்டது. மொழி தெரியாதவர்கள், அவர்களுக்கு என்ன சமைப்பது, கூலி யார் பேசுவது என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடைசியில் பெரியவரே, "சரி, மொத ஞாயிறு பாத்துக்கலாம்" என்றார். அத்தனை நாள் ஊரையே குடைந்துகொண்டிருந்த பிரச்சினையை என் பெண்டாட்டி நின்ற நிலையில் தீர்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் என் முதுகில் தட்டி, "உன் ஊட்டுக்காரி பெரிய ஆளுப்பா" என்றான். பல்லைக் காட்டினேன். அவள் ஊரைக் காப்பாற்றியது என் மண்டையில் ஏறவே இல்லை. அவன் எங்கள் கழனிக்கே வரப்போகிறான், அதுதான் ஏறியது.

இப்போது சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நடவு ஞாயிறுக்குப் பத்து நாள் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று அவள் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சார்ஜில் கிடந்த போன் அடித்தது. ரிலீவர். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

பின்னால் ஒரே இரைச்சல், ரயில் அறிவிப்பு. "அண்ணா? அக்கா இருக்கு?" என்று ஒரு குரல். நான் எதிர்பார்த்த குரலே இல்லை. தொண்டை கட்டிய, வயசான குரல்.

"இல்ல. இன்னா விஷயம்?"

"அண்ணா, நாளைக்கு டெஸ்ட். லைன் லீடர் டெஸ்ட். காலைல ஒம்போது மணி. பத்தாவது ஒரிஜினல் கொண்டு வரணும். சூப்பர்வைசர் அக்கா பேர் எழுதிட்டாரு. நான் இப்ப ஊருக்குப் போறேன், அம்மாக்கு ஒடம்பு சரியில்ல. அதான் போன். அக்காக்குச் சொல்லுங்க அண்ணா. மறக்காதீங்க."

"சரி."

"நல்ல சான்ஸ் அண்ணா."

வைத்துவிட்டான். லைன் லீடர் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும், அவளே விளக்கியிருக்கிறாள். முப்பது பேருக்கு மேலே நிற்கிறவள். அந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிஃப்ட். அவளுடைய வேன் மதியம் ஒரு மணிக்குத்தான் வரும். காலை ஒன்பதுக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் விடியற்காலை வேனில் போயாக வேண்டும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் முகூர்த்தப் புடவைக்குக் கீழே இருக்கும் அந்தச் சர்டிபிகேட்தான் கண்முன் நின்றது. கணக்கில் எழுபத்தொன்று. பிறகு, வந்த அழைப்பை லிஸ்டிலிருந்து அழித்தேன். அழிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். சாமான் பையோடு அவள் உள்ளே வந்து, "யாராச்சும் போன் பண்ணாங்களா?" என்றாள்.

"ஒருத்தரும் பண்ணல."

ஐந்து நிமிஷம் கழித்து ஊருக்குக் கிழக்கே ரயில் ஊதிக்கொண்டு போனது. அவன் போகிற ரயில் இன்னும் சென்ட்ரலைவிட்டே கிளம்பியிருக்காது. இருந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"காத்தால டெஸ்ட் வெச்சிக்கிறாங்க. என் பேரும் இருந்திருக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் போய் நிக்கிறன். சூப்பர்வைசரு, 'இன்னாம்மா, ரிலீவரு உனக்குச் சொல்றேன்னாரே'ங்கறாரு. இனிமே அடுத்த வருஷம்தானாம்."

நான் தட்டு எடுத்துவைத்தேன்.

"அந்தாளு ஊருக்குப் போற அவசரத்துல மறந்துட்டாரு போல. மறக்கற விஷயமாய்யா இது? ஒரு போன் பண்ண எவ்ளோ நேரம் ஆவும்? நல்ல மனுசன்னு நெனச்சனே."

"வெளியூர்க்காரன நம்புனா இப்பிடித்தான்" என்றேன். என் வாய் அப்படித்தான் சொன்னது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என் பக்கம் இருந்தாள், அவன் அந்தப் பக்கம் இருந்தான். அடடா, அன்றைக்கு எனக்குப் பசித்தது பாருங்கள். இரண்டுதடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை. பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி புடவைக்கு அடியில் வைத்தாள். அதையும் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

நடவு ஞாயிறு வந்தது. இரண்டு வேன் நிறைய ஒடிசாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். டீயும் நாஷ்டாவும் முடிந்து கூட்டம் கூட்டமாகப் பிரிந்தார்கள். எங்கள் கழனிக்கு எட்டுப் பேர். அதில் ஒருவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "அண்ணா" என்றார். தொண்டை கட்டிய அதே குரல். ஆளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, முன் பல் ஒன்று இல்லாமல், என்னைவிடப் பத்து வயசாவது மூத்த மனுஷன். புதிதாய்த் தலை மழித்திருந்த இடத்தில் வெள்ளையாய் முளைவிட்டிருந்தது.

முந்தின நாளே யாரோ சொன்னார்கள்: அவர் போய்ச் சேரும் முன்பே அம்மா போய்விட்டார்களாம். காரியத்தைக்கூட முழுசாக முடிக்காமல், சொன்ன வார்த்தைக்காகத் திரும்பி வந்திருக்கிறார்.

எங்கள் கழனியில் வரப்போரம் முதல் ஆளாய் நிற்பது எப்போதும் என் பெண்டாட்டி. அவள் வைக்கிற வரிசையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள். அன்றைக்கு மற்றவர்களுக்குச் சமைக்கிற மேற்பார்வையில் அவள் கொஞ்சம் பின்தங்கினாள். அந்த மனுஷன் யாரும் சொல்லாமலே சேற்றில் இறங்கி, அவள் இடத்தில் நின்று, நாற்றுமுடியை அவிழ்த்து நடத் தொடங்கினார். அப்படியே அவள் கை. அதே இடைவெளி, அதே வேகம். நான் வரப்பில் நாற்றுமுடி சுமந்துகொண்டு நின்றவன் நின்றபடியே பார்த்தேன். ஆள் இல்லாதபோது அந்த இடத்தில் நிற்கிறவன். அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பதிலாக இல்லை, அவளுக்குப் பதிலாக. அவள் ஒண்ணுக்குப் போகவும், தண்ணி குடிக்கவும், பெற்றோர் கூட்டத்துக்கு வரவும் யாராவது அந்த இடத்தில் நிற்க வேண்டுமே, அதுதான் ரிலீவர். இவ்வளவுதான் சமாசாரம்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து இறங்கினாள். அவர் ஒரு அடி தள்ளி அவளுக்கு இடம் விட்டார். இருவரும் குனிந்து பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். அவள் முதலில் அம்மாவைப் பற்றி விசாரித்தாள். அப்புறம், மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள், கேட்டேவிட்டாள்.

"ஏன் அண்ணா, டெஸ்டு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவர் நிமிர்ந்தார். "அக்கா, போன் பண்ணேன். ஸ்டேஷன்லேர்ந்து. ரெண்டுவாட்டி. அண்ணன் எடுத்தாரு. ஒம்போது மணி, ஒரிஜினல், எல்லாம் சொன்னேன்." என்னைப் பார்த்து, "சொன்னேன்ல அண்ணா?" என்றார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற குரல்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கினால் வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் நான் இருந்தேன். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமாண்ணா. அவரு சொன்னாரு. நான்தான் மறந்துட்டன்."

குனிந்து மறுபடி நடத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் வைத்த வரிசையில் ஒரு நாற்றுகூடக் கோணவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. "அன்னிக்கு வந்து..." என்று நானே ஆரம்பித்தேன். "சேத்துக் கால கழுவிக்கினு வந்து சாப்டு" என்றாள். சாப்பிட்டேன். முதல்தடவை போட்ட சோற்றோடு எழுந்துவிட்டேன். சண்டை போட்டிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். பதினைந்து வருஷமாகச் சண்டையில் கடைசி வார்த்தை என்னுடையதுதான். இதில் எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் அப்படித்தான் போனது. பேசுவாள், சிரிப்பாள், மகளோடு சேர்ந்து என் சாம்பாரைக் கிண்டல் செய்வாள். ஆனால் கம்பெனி விஷயம் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் அவ்வளவு வெறுத்தேனே, அந்த விளக்குகிற குரல், அதைக் கேட்கக் காது ஏங்கியது. "டார்கெட்னா இன்னா?" என்று தெரிந்ததையே தெரியாத மாதிரி கேட்டுப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமே" என்று முடித்துவிட்டாள்.

நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஊர் நடவு முடிந்தது. அறுவடையும் ஆனது. அடுத்த நடவுக்கும் இரண்டு கூட்டமும் சேர்ந்தே இறங்குவது என்று ஆகிவிட்டது. பெரியவரே டாங்குக்குக் கீழே வேனுக்கு நிழலாக ஓலை வேய்ந்து கொடுத்தார். டீக்கடையில் கம்பெனி புருசனுங்க என்று யாரும் கிண்டல் செய்வதில்லை. டீக்கடைக்காரர் பெண்டாட்டியே இப்போது அந்த வேனில்தான் போகிறாள்.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் அட்டை மாற்றினார்கள். புது போட்டோ, புதுப் பட்டை. அவள் குளிக்கப் போனபோது, பழக்கதோஷம், ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினேன். ரத்த குரூப் அதேதான். கீழே பத்து எண். என் நம்பர் இல்லை.

யாருடைய நம்பர் என்று தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அது எனக்கு மனப்பாடம்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள், அட்டையும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்தாள். பிடுங்கவில்லை, பதறவும் இல்லை.

"எனக்கு ஒண்ணுன்னா, போன எடுத்துச் சேதி சொல்ற ஆளு வேணும்ல" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? வெளியே முதல் ஹாரன் அடித்தது. அவள் என் கையிலிருந்து அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். டெஸ்ட் அடுத்த மாதம், மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து, புடவைக்குக் கீழே கைவிட்டு, சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன். "இத இப்பவே பைல வெச்சிக்கோ. கடைசி நேரத்துல தேட வேணாம்."

அவள் வாங்கி, மடிக்காமல் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"அட்ட வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்துவாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

இரண்டாவது ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள்.